போர்க்கால அமைச்சரவை: ஐந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு எப்படி முடிவெடுக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கேயாவது போர் மூண்டால் போதும், "போர்க்கால அமைச்சரவை கூடியது, மூன்று மணி நேரம் ஆலோசனை" என்று டிவியில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த மூன்று மணி நேரம் உள்ளே என்னதான் நடக்கிறது என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் பிரிட்டன்தான், அதிலும் 1940 மே மாதம். காரணம் எளிது, உள்ளே யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்புகளை அவர்கள் எழுதி வைத்துப் பிற்பாடு எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க சோவியத்தும் ஜப்பானும் நடுவில் வந்து போகும்.

போர்க்கால அமைச்சரவை என்றால் என்ன? ஏற்கெனவே ஒரு அமைச்சரவை இருக்கிறதே?

இருக்கிறது, அதில் ஆள் அதிகம் என்பதுதான் சிக்கல். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துறையைக் கையில் வைத்துக்கொண்டு, அவரவர் துறைக்கு என்ன வேண்டும் என்று பேசினால் சாதாரண காலத்தில் வண்டி எப்படியோ ஓடிவிடும். எதிரி நாளைக்கு எங்கே வருவான் என்று தெரியாத நேரத்தில் ஓடாது. அதனால் நான்கைந்து பேரைத் தனியாகப் பிரித்து, போர் சம்பந்தப்பட்ட கடைசி முடிவு இவர்களுடையது, மற்ற அமைச்சர்கள் கூப்பிட்டால் வரலாம் என்று வைத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் இதை ஒழுங்காக முதலில் செய்தவர் பிரதமர் லாயிட் ஜார்ஜ், பதவிக்கு வந்த 1916 டிசம்பரில். அவரோடு சேர்த்து ஐந்து பேர்: கர்சன் (நம்ம ஊர் வைஸ்ராயாக இருந்து வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்), மில்னர், போனர் லா, தொழிற்கட்சியின் ஆர்தர் ஹெண்டர்சன்.

அதற்கு முன்னால் எப்படிச் சமாளித்தார்கள்?

சமாளிக்கவில்லை. 1916 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையில் கூட்டக் குறிப்பு எழுதும் வழக்கமே கிடையாது, நம்ப முடிகிறதா? பிரதமர் கூட்டம் முடிந்ததும் மன்னருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார், அது ஒன்றுதான் பதிவு. 1882-ல் ஒரு கூட்டம் முடிந்து இரண்டு அமைச்சர்கள், என்ன முடிவாயிற்று என்பதில் ஒத்துப்போகாமல் மூன்றாவது அமைச்சரிடம் போயிருக்கிறார்கள். அவருக்கும் தெரியவில்லை. ஒருவர் ராஜினாமா செய்திருப்பதைப் பார்த்தால் ஏதோ முடிவு எடுத்திருக்கிறோம் போலிருக்கிறது, என்ன எழவு முடிவு என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று அவருடைய உதவியாளர் பிரதமரின் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார். ஒரு சாம்ராஜ்யத்தை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

முதல் உலகப்போர் வந்ததும் அப்போதைய பிரதமர் ஆஸ்க்வித் ஒரு போர்க் குழுவை வைத்தார், ஆனால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது தெளிவாகவில்லை. 1915 ஜனவரி 28 கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியைக் கப்பல்களை மட்டும் வைத்தே பிடித்துவிடலாம் என்ற, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் திட்டம் பேச்சுக்கு வருகிறது. கடற்படையின் தலைமை அதிகாரி ஃபிஷருக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை, எழுந்து கதவுப் பக்கம் போகிறார். போர் அமைச்சர் கிச்சனர் பின்னாலேயே போய், ஜன்னலோரம் நிறுத்திக் காதோடு காதாகப் பேசி, திரும்பக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். அப்புறமும் ஃபிஷர் வாயைத் திறக்கவில்லை. அமைச்சர்கள் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், அதிகாரியோ என்னைக் கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். மார்ச் 18-ல் கப்பல்கள் போயின, ஒரே நாளில் மூன்று போர்க்கப்பல்கள் கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின, அதன் பிறகு ஜலசந்தியை ஒட்டிய கலிப்போலியில் தரைப்படை இறங்கி மாதக்கணக்கில் செத்தது. பின்னால் விசாரணைக் குழு உட்கார்ந்தபோது இந்த மௌனத்தைத்தான் தோண்டித் துருவினார்கள்.

லாயிட் ஜார்ஜ் வந்து என்ன மாற்றினார்? ஆளைக் குறைத்தது மட்டும்தானா?

ஆளைக் குறைத்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம் மாரிஸ் ஹாங்கி என்ற செயலாளரை உள்ளே உட்கார வைத்ததுதான். நிகழ்ச்சி நிரல், கூட்டக் குறிப்பு, இன்ன முடிவு, இதை நிறைவேற்ற வேண்டியவர் இன்னார் என்று எழுதி அன்றைக்கே துறைகளுக்கு அனுப்புவது, இந்த மூன்றையும் அவர் வழக்கமாக்கினார். நான் இரண்டு வருடம் எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன், தண்ணீர் லாரிக்கு யார் போன் பண்ண வேண்டும் என்று மினிட்ஸில் எழுதாத மாதங்களில் யாருமே பண்ணமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, ஓட்டெடுப்பு நடக்குமா? மூன்றுக்கு இரண்டு என்றால் மூன்று ஜெயிக்குமா?

பெரும்பாலும் ஓட்டெடுப்பு நடக்காது. பிரிட்டிஷ் முறையில் பேசி முடித்ததும் பிரதமர் தொகுத்துச் சொல்வார், செயலாளர் அதை முடிவு என்று எழுதுவார், ஆட்சேபம் இல்லையென்றால் அதுவே முடிவு. ஆகவே தொகுத்துச் சொல்கிறவர் கையில்தான் பிடி இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது, பேச்சு எப்போது சூடாகிறது, எப்போது ஒத்திவைப்பது, அடுத்த கூட்டத்துக்குள் யாரைப் போய்ப் பார்ப்பது, இவைதான் முடிவைத் தீர்மானிக்கும். 1940 மே 26, 27, 28 மூன்று நாளும் அதற்குப் பாடப்புத்தகம் மாதிரி.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது?

பின்னணியை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 10-ம் தேதி சர்ச்சில் பிரதமராகிறார். போர் அமைச்சரவையில் ஐந்து பேர்: சர்ச்சில், முந்தைய பிரதமர் சேம்பர்லேன், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியிலிருந்து அட்லியும் கிரீன்வுட்டும். இரண்டே வாரத்தில் பிரான்ஸ் சரிகிறது, பிரிட்டிஷ் படை பிரான்சின் வடகோடியில் டன்கர்க் கடற்கரையில் மாட்டிக்கொள்கிறது. எத்தனை பேரை மீட்கலாம் என்பதற்கு அப்போது இருந்த கணக்கு 45,000. இத்தாலி இன்னும் போரில் இறங்கவில்லை. ஹாலிஃபாக்ஸின் யோசனை, முசோலினி வழியாகப் பேசிப் பார்த்தால் ஹிட்லர் என்ன நிபந்தனை போடுவார் என்றாவது தெரியும், நம் சுதந்திரத்துக்குப் பங்கம் வராத நிபந்தனை என்றால் யோசிக்கலாமே என்பது. சர்ச்சில், ஒரு தடவை பேச உட்கார்ந்தால் வழுக்குப் பாறையில் கால் வைத்த மாதிரி, திரும்பி ஏற முடியாது என்கிறார்.

மூன்று நாளில் ஒன்பது கூட்டங்கள். 26-ம் தேதி மாலை நடந்த ஒன்றின் குறிப்பில் ஒரு வரி உண்டு: முதல் கால் மணி நேரப் பேச்சு இதில் இல்லை, அப்போது செயலாளர் அறையில் இல்லை. செயலாளர் எட்வர்ட் பிரிட்ஜஸ், ஹாங்கிக்குப் பின் வந்தவர், எதையும் தவற விடாதவர். அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்பது அவர்களோடே போய்விட்டது. அந்த வரியை முதன்முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

27-ம் தேதி பேச்சு முற்றி, இப்படியே போனால் நான் விலக வேண்டியிருக்கும் என்ற இடத்துக்கு ஹாலிஃபாக்ஸ் வந்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் தோட்டத்தில் இரண்டு பேரும் நடந்தார்கள், சர்ச்சில் மன்னிப்புக் கேட்டுக் கனிவாகப் பேசினார் என்று ஹாலிஃபாக்ஸே டைரியில் எழுதியிருக்கிறார். அந்தக் கனிவுக்குக் கணக்கும் உண்டு. சர்ச்சில் பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் இன்னும் சேம்பர்லேன்தான், ஹாலிஃபாக்ஸும் சேம்பர்லேனும் சேர்ந்து வெளியேறினால் அரசு கவிழ்ந்துவிடும்.

28-ம் தேதி மாலை 4 மணிக்கு நாடாளுமன்றக் கட்டடத்தில் கூடுகிறார்கள். அதே வாதம், அதே இழுபறி. தொழிற்கட்சிக்காரர்கள் இருவரும் சர்ச்சில் பக்கம், சேம்பர்லேன் மெல்ல மெல்லச் சர்ச்சில் பக்கம் சாய்கிறார், ஹாலிஃபாக்ஸ் நகரவில்லை. அப்போது ஓட்டுக் கேட்டிருந்தாலே சர்ச்சில் ஜெயித்திருப்பார். கேட்கவில்லை. 7 மணிக்கு மறுபடி கூடலாம் என்று ஒத்திவைத்தார். இடையில், போர் அமைச்சரவையில் இல்லாத மற்ற அமைச்சர்கள் சுமார் 25 பேரை அழைத்து நிலைமையைச் சொன்னார், எது வந்தாலும் சண்டையை விடப்போவதில்லை என்றார். அவர்கள் ஆரவாரம் செய்தார்கள், எழுந்து வந்து முதுகில் தட்டிக்கொடுத்தவர்களும் உண்டு, அங்கே இருந்த அமைச்சர் ஹியூ டால்ட்டன் இதை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். 7 மணிக்கு ஐவர் மறுபடி உட்கார்ந்தபோது சர்ச்சில் அந்தச் செய்தியை மட்டும் சொன்னார். ஹாலிஃபாக்ஸ் அதற்கு மேல் வாதாடவில்லை. கைதூக்காமல், எண்ணிக்கை பார்க்காமல் முடிந்த விஷயம் இது. டன்கர்க்கிலிருந்து ஜூன் 4 வரை மீண்டவர்கள் 3,38,226 பேர் என்பது பின்னால் தெரிந்தது, முடிவெடுத்தபோது யாருக்கும் தெரியாது.

இதில் எனக்குப் பிடித்த குசும்பு ஒன்று. தனியாகவாவது போரைத் தொடர்வதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றதே இல்லை என்று சர்ச்சில் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். எழுத்துப்படி பொய் இல்லை, நிரலில் இருந்த தலைப்பு முசோலினியை அணுகுவது பற்றித்தான்! அதே வாரம் முப்படைத் தளபதிகள், பிரான்ஸ் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு அறிக்கை கொடுத்தார்கள், அதற்கு வைத்த பெயரோ 'ஒரு குறிப்பிட்ட நிலைமையில் பிரிட்டனின் போர் உத்தி'. பிரான்ஸ் என்ற சொல்லைத் தலைப்பில் போட யாருக்கும் மனசு வரவில்லை.

ராணுவத் தளபதிகளும் இதில் உறுப்பினர்களா?

இல்லை. அறையில் இருப்பார்கள், கருத்துச் சொல்வார்கள், முடிவு அரசியல்வாதிகளுடையது. சர்ச்சில் செய்த ஒரு காரியம் இங்கே முக்கியம்: பிரதமர் பதவியோடு பாதுகாப்பு அமைச்சர் என்ற பதவியையும் தானே வைத்துக்கொண்டார். பெரிதாக ஒரு அமைச்சகம் எல்லாம் இல்லை, ஜெனரல் இஸ்மே தலைமையில் ஒரு சின்ன அலுவலகம், அவ்வளவுதான். ஆனால் அதன் வழியாகத் தளபதிகள் நேரே அவரிடம் வந்தார்கள், ராணுவ, கடற்படை, விமானப்படை அமைச்சர்கள் போர் அமைச்சரவைக்கு வெளியே நின்றார்கள். ஃபிஷர் மாதிரி மௌனமாக உட்காரும் பழக்கமும் போய்விட்டது. 1941 கடைசியில் தரைப்படைத் தலைமைத் தளபதியாக வந்த ஆலன் புரூக், சர்ச்சில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக்கூடியவர்.

எல்லாவற்றையும் ஐந்து பேரே முடிவு செய்தால் ரேஷன், நிலக்கரி, பள்ளிக்கூடம் எல்லாம் யார் பார்ப்பது?

அதற்குக் கீழ்க்குழுக்கள். சண்டை சம்பந்தமானது பாதுகாப்புக் குழுவுக்கு, உள்நாட்டு விவகாரம் பெரும்பாலும் ஜான் ஆண்டர்சன் நடத்திய குழுவுக்கு. இந்த ஆண்டர்சன் முன்பு வங்காள கவர்னராக இருந்தவர். கீழே தீராத தகராறு மட்டும் மேலே வரும். காகிதக் கட்டு பெருகிக்கொண்டே போக, 1940 ஆகஸ்ட் 9-ல் சர்ச்சில் ஒரு சுற்றறிக்கை விட்டார்: அறிக்கைகளைச் சுருக்குங்கள், முக்கிய விஷயத்தைச் சின்னச் சின்னப் பத்திகளில் சொல்லுங்கள், புள்ளிவிவரத்தைப் பின்னிணைப்பில் தள்ளுங்கள். நம்ம ஊர் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

போர் என்று சொல்லி இந்த ஐவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

கையில் இருந்த அதிகாரம் பயங்கரமானது. 1940 மே 22-ம் தேதி ஒரே நாளில் நிறைவேற்றிய சட்டம், ஆட்களின் உழைப்பையும் சொத்தையும் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுக்க வழிசெய்தது. 1940-ல் நடந்திருக்க வேண்டிய பொதுத்தேர்தலை வருடா வருடம் தள்ளிப்போட்டார்கள், 1935-ல் வந்த நாடாளுமன்றம் 1945 வரை இருந்தது. ஆனால் அந்த நாடாளுமன்றம் பூட்டிக் கிடக்கவில்லை. வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் கோட்டை ஜெர்மானியரிடம் விழுந்தபின், 1942 ஜூலையில், போரின் நடுவிலேயே சர்ச்சில் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 475-க்கு 25 என்று தோற்றது, சரி, ஆனாலும் எழுந்து நின்று திட்ட முடிந்ததே! 1940 மே மாதம் சேம்பர்லேன் போனதும் அப்படித்தான், நார்வேயில் பட்ட தோல்வி பற்றிய விவாத ஓட்டெடுப்பில் அவர் ஜெயித்தார், 281-க்கு 200, ஆனால் சொந்தக் கட்சிக்காரர்களே மாற்றிப் போட்டதில் மானம் போய்விட்டது.

எதிரியோடு சம்பந்தமே இல்லாதவர்களைக்கூட இவர்களுடைய முடிவு கொன்றதுண்டா?

1943 வங்காளப் பஞ்சம். இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பக் கப்பல் கேட்டு, இந்தியாவுக்கான அமைச்சர் ஆமரி போர் அமைச்சரவை முன்னால் திரும்பத் திரும்பப் போனார். கப்பல் இல்லை என்ற பதிலோடு, கேட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது. செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். கப்பல் பற்றாக்குறை நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் பசித்தவர்களுக்காக அந்த மேசையில் பேசியது பெரும்பாலும் ஒரே ஒரு அமைச்சர், அவரும் நடுவட்டத்தில் இல்லாதவர். சின்னக் குழு வேகமாக முடிவெடுக்கும், யாருடைய ஆள் உள்ளே இல்லையோ அவர்களுக்கு எதிராகவும் அதே வேகம்தான்.

அந்த மேசையில் இந்தியர் யாருமே இல்லையா?

இருந்தார், தமிழர்! சர் ஆற்காடு ராமசாமி முதலியார், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த லட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். 1942-ல் இவரையும் நவாநகர் சமஸ்தானத்து மன்னர் ஜாம்சாகிபையும் இந்தியாவின் பிரதிநிதிகளாகப் போர் அமைச்சரவைக்கு அனுப்பினார்கள். ஆனால் நாற்காலி கொடுத்ததும் அதிகாரம் கொடுத்ததும் ஒன்றில்லை. அவரை அனுப்பியது வைஸ்ராய் அரசு, அந்த ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் எல்லாம் சிறையில். உள்வட்டம் என்பது கடைசி வரை சர்ச்சிலும் அவர் பொறுக்கியெடுத்த சிலரும்தான். முதலியார் பின்னால் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார், அதில்தான் அவருடைய முத்திரை அதிகம்.

ஸ்டாலினும் இப்படி ஒரு குழு வைத்திருந்தாரா?

1941 ஜூன் 30, ஜெர்மனி தாக்கி எட்டே நாளில். ஸ்டாலின், மொலோட்டோவ், வோரோஷிலோவ், மாலென்கோவ், பெரியா என்று ஐந்து பேர் கொண்ட அரசுப் பாதுகாப்புக் குழு. எண்ணிக்கையில் லண்டன் மாதிரி, மற்றதில் தலைகீழ். கட்சி, அரசு, ராணுவம் எல்லாமே இதற்குக் கட்டுப்பட வேண்டும், முறையான நிகழ்ச்சி நிரலோ பேச்சுக் குறிப்போ கிடையாது, ஆளுக்கு ஒரு துறை, ஒருவருக்கு டாங்க், ஒருவருக்கு விமானம். ஸ்டாலின் அறையில் பேசி, கையெழுத்தானால் ஆணை. நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட 10,000 ஆணைகள். தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனதில் இந்த வேகம் பலன் தந்தது. தலைவர் தப்பாக நினைத்தால் தடுக்க ஆளில்லை என்பதும் அதே ஏற்பாட்டின் இன்னொரு பக்கம், 1941 செப்டம்பரில் கீவை விட்டுப் பின்வாங்கக் கூடாது என்று ஸ்டாலின் பிடித்த பிடிவாதத்தில் லட்சக்கணக்கான வீரர்கள் சிறைபிடிபட்டார்கள்.

உள்ளே ஒத்தே போகவில்லை என்றால்?

அதற்கு ஜப்பான். ஆறு பேர் கொண்ட போர் வழிநடத்தும் உச்சக் குழு, முடிவு ஏகமனதாக வேண்டும் என்பது வழக்கம், ராணுவ அமைச்சர் ராஜினாமா செய்தாலே அமைச்சரவை விழுந்துவிடும். 1945 ஆகஸ்ட் 9 காலை அவர்கள் சரணடைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாகசாகியில் குண்டு விழுந்த செய்தி வந்தது. அப்போதும் 3-க்கு 3. மன்னரின் நிலை மட்டும் காப்பாற்றப்பட்டால் போதும் என்று மூவர், ஆக்கிரமிப்புப் படை வரக் கூடாது என்பது உட்பட இன்னும் மூன்று நிபந்தனை வேண்டும் என்று மூவர். நள்ளிரவு நெருங்கும்போது அரண்மனையின் நிலத்தடிப் பதுங்கு அறையில் மன்னர் முன்னால் கூடினார்கள். விடியற்காலை 2 மணி வாக்கில் பிரதமர் சுசுகி எழுந்து, எங்களால் முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று மன்னரையே கேட்டுவிட்டார். வழக்கத்தில் மன்னர் வாயே திறக்காத கூட்டம் அது.

இந்தியாவில் இப்போது யார் முடிவெடுப்பார்கள்?

தனியாகப் போர் அமைச்சரவை என்று கிடையாது. பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் கொண்ட பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு எப்போதும் இருக்கிறது. கார்கிலில் விமானப்படையை இறக்கலாம், ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று 1999 மே 25-ல் சொன்னது அந்தக் குழுதான். விமானிகளுக்கு அந்த நிபந்தனை எவ்வளவு சிரமம் கொடுத்தது என்பது தனிக்கதை.

இதையெல்லாம் நேரில் பார்க்க வழி உண்டா?

லண்டன் போனால் வெஸ்ட்மின்ஸ்டரில் அரசுக் கட்டடம் ஒன்றின் அடியில் இருக்கும் போர் அறைகளுக்குப் போங்கள், இப்போது மியூசியம். மே 1940 கூட்டங்கள் இங்கே நடக்கவில்லை, குண்டுவீச்சு ஆரம்பித்த பிறகுதான் அதிகம் பயன்பட்டது, மொத்தம் 115 கூட்டங்கள் நடந்தன. அறை நினைப்பதைவிடச் சின்னது. மேசைகளைச் சதுரமாகப் போட்டிருப்பார்கள், பிரதமருக்கு நேர் எதிரே, கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் முப்படைத் தளபதிகள். சர்ச்சிலின் மர நாற்காலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கைப்பிடிகளின் முனையிலும் மரம் கீறிக் கீறித் தேய்ந்திருக்கும், ஒரு பக்கம் நகம், இன்னொரு பக்கம் மோதிரம்.